இருபத்திரண்டு அங்குல வட்டம்

மலையைப் படம் பிடிக்கத்தான் கேமரா என்று பொன்னுவேல் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கேட்டவர்களுக்கும் அதுதான் பதில், கேட்காதவர்களுக்கும் அதுதான் பதில். பெருமாள்மலையை ஒரே ஃபிலிமில், ஒரு மரம் விடாமல் எடுக்கப் போகிறாராம். சொன்ன மனிதர் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் தன் வீட்டு வராந்தாவில் கேமராவை நிறுத்தியதோ மலைக்கு முதுகைக் காட்டி. கேமராவுக்கு எதிரே எட்டடி தள்ளி ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் தையல்கார ஜெயா. இதைப் பார்க்கிற ஊர் என்ன நினைக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அறுபத்தோரு வயது வரை அந்த மனிதர் எப்படித்தான் காலம் தள்ளினாரோ தெரியவில்லை.

பழனி அடிவாரத்தில் பிறந்து, வேலை கிடைத்து மலையேறி, பிறகு இறங்காமலே இருந்துவிட்டவர் பொன்னுவேல். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பத்து நாலு வருஷம் எக்ஸ்ரே எடுத்தார். மனைவி லீலா இறந்து எட்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. அவர் ஓய்வு பெற்ற மறுவருஷம் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் எக்ஸ்ரே வந்தது. தேதி முடிந்த பழைய ஃபிலிம் இரண்டு பெட்டி ஸ்டோர் ரூமில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். பதினான்குக்குப் பதினேழு அங்குலம். ஒரு ஆளின் நெஞ்சுக்கூடு முழுசாக அடங்குகிற அளவு. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தவருக்கு ஒரு மாதம் சரியான தூக்கமில்லை. எக்ஸ்ரே ஃபிலிமும் வெளிச்சத்தில் பதிகிற ஃபிலிம்தானே, அந்த அளவுக்கு ஒரு கேமரா இருந்தால் என்ன?

அப்படி ஒன்று கடையில் விற்பதில்லை. தச்சர் மயில்சாமியைப் பிடித்து சில்வர் ஓக் மரத்தில் செய்ய வைத்தார். முன்னால் லென்ஸ் மாட்ட ஒரு பலகை, பின்னால் படம் விழுவதைப் பார்க்கத் தேய்த்த கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே, ஹார்மோனியத் துருத்தி மாதிரி நீண்டு சுருங்குகிற கறுப்புத் துணி மடிப்பு. மரவேலையை மயில்சாமி முடித்துக் கொடுத்தார். துணி வேலைக்கு ஜெயாவைக் காட்டிவிட்டதும் அவர்தான்.

நாயுடுபுரம் இறக்கத்தில் ஜெயாவின் தையல் கடை. ஹாஸ்டல் பிள்ளைகளின் ஸ்வெட்டருக்கு முழங்கை ஒட்டுப் போடுவதிலிருந்து கல்யாண ப்ளவுஸ் வரை எல்லாம் தைப்பாள். அவள் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தபோது அவளுக்கு ஆறு வயது. இன்றைக்கும் பிரெட்டைப் பாண் என்றுதான் சொல்லுவாள். கணவர் இறந்து பதினான்கு வருஷமாகிறது. ஒரே மகள் தமிழ்மதி திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர்.

அந்த மடிப்புத் துணி மெஷினுக்குள் நுழையாத அகலம். பாதி கைத்தையல், பாதி பசை. கடையில் விரித்துப் போட இடமில்லாததால் பொன்னுவேல் வீட்டு வராந்தாவில் பாய் போட்டு உட்கார்ந்து பத்தொன்பது நாள் வேலை பார்த்தாள். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, அந்த வாயாலேயே கேள்வியும் கேட்பாள். மடிப்பு எதற்கு இவ்வளவு நீளம்? கிட்டத்தில் இருப்பதைப் பிடிக்க வேண்டுமானால் லென்ஸ் ரொம்ப முன்னால் போக வேண்டும், அதற்குத்தான். அப்படியானால் தூரத்தில் இருப்பதற்கு? அதற்கு இதில் பாதி போதும்.

"அப்ப மலைக்கு இம்புட்டுத் துணி தேவையில்லையே சார்" என்று சொல்லிவிட்டு ஜெயா ஊசியில் நூல் கோத்தாள். டீ போடுகிற சாக்கில் பொன்னுவேல் உள்ளே போய்விட்டார்.

அந்தப் பத்தொன்பது நாளில் அவருக்கு அவள் மேல் ஆசை வந்துவிட்டது. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. ஒன்பதரைக்கு வருகிறவளுக்காக எட்டு மணியிலிருந்தே கேட் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் போன பிறகு கீழே கிடக்கிற நூல் துணுக்கைப் பெருக்க மனசு வராமல் அப்படியே விட்டு வைத்தார். இருபதாம் நாள் மடிப்பு தயாராகி, அவள் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. இனி எதைச் சொல்லி அவளைக் கூப்பிடுவது? இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டதில், கேமராவுக்கு இன்னும் லென்ஸ் வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. இல்லாத ஒரு பொருளுக்காக ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்படுவதை எங்கும் பார்க்க முடியாது.

லென்ஸ் பார்த்து எடுப்பது லேசான சோலி இல்லை. எந்த லென்ஸும் சதுரமாகப் படம் போடாது, வட்டமாகத்தான் போடும். அந்த வட்டத்துக்குள் ஃபிலிமின் நாலு மூலையும் அடங்க வேண்டும். ஜெயா தன் டேப்பை மூலைக்கு மூலை பிடித்து, "இருபத்திரெண்டு" என்று அளந்து சொல்லியிருந்தாள். சாதாரணக் கேமராவின் லென்ஸ் அதில் ஒரு சின்ன இட்லி அளவுக்குத்தான் வட்டம் போடும். இருபத்திரண்டு அங்குலத்துக்கு வட்டம் போடுகிற லென்ஸ் எந்தப் பரணில் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கிடைத்தாலும் மாட்டிப் பார்த்தால்தான் தேறுமா தேறாதா என்று சொல்ல முடியும். மாட்டிப் பார்க்க எதிரே ஒரு முகம் வேண்டும். அதை அவர் கடைக்கே போய்க் கேட்டார்.

"மொகம் எதுக்கு சார், மலையத்தான எடுக்கப் போறீங்க?" என்றாள் ஜெயா, ஒரு யூனிபார்ம் ஸ்கர்ட்டின் தையலைப் பிரித்துக்கொண்டே.

"ஃபோகஸ் புடிக்கிறதுக்குங்க. மொகத்துலதான் நல்லாத் தெரியும். ஞாயித்துக்கெழம ஒரு அரை மணி நேரம் வந்து உக்காந்தாப் போதும், டைலரம்மா."

"உங்க வீட்டுல நாயி ஒன்னு கெடக்கே. அத உக்கார வைங்களேன்."

"அது அசையுமுங்க."

"நானுந்தான் அசைவேன்" என்று சிரித்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு, நீலத்தில் வெள்ளைப் பூ போட்ட ஸ்வெட்டரில் வந்து நின்றாள்.

முதல் லென்ஸ் ஏழு ரோடு சந்திப்புப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு ஸ்டுடியோவிலிருந்து வந்த பித்தளை லென்ஸ். பொன்னுவேல் கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு தேய்த்த கண்ணாடியைப் பார்த்தார். இப்படிப்பட்ட கேமராவில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். தலைகீழாகத் தொங்கினாலும் ஜெயா ஜெயாதான். அவர் துணிக்குள்ளேயே கொஞ்ச நேரம் அதிகமாக நின்றார். வெளியே அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"தமிழ்மதி வேலைய விட்டுட்டா சார். சொந்தமா ஒரு யூனிட் எடுக்குறாளாம், எட்டு மெஷினு. தை பொறந்ததும் நீ வந்து பாத்துக்கம்மாங்குறா. கடையக் காலி பண்ணிட்டு அங்கயே போயிர வேண்டியதுதான் போல."

துணிக்குள் இருந்தவருக்கு நெஞ்சில் யாரோ ஏறி மிதித்த மாதிரி இருந்தது. அப்போது ஐப்பசி கடைசி. தைக்கு இரண்டரை மாதம்கூட முழுசாக இல்லை. போகாதே என்று சொல்ல அவர் யார்? துணி மறைவிலிருந்து அவருக்கு வந்ததெல்லாம், "நல்ல விசயந்தானுங்களே" என்ற இரண்டு வார்த்தைதான். கண்ணாடியில் அவள் தலைகீழாகக் குனிந்து ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

அந்த நிமிஷமே பொன்னுவேல் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டார், அதுதான் வினை. வாயால் சொல்ல அவருக்கு வராது. அவள் முகத்தை ஒரு முடி பிசகாமல் எடுத்து, ஃபிலிம் அளவுக்கே பெரிதாகப் பிரிண்ட் போட்டு அவள் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது சொல்லிவிட வேண்டும். அப்படி ஒரு படத்தைப் பார்த்தால் பாதி அவளுக்கே புரிந்துவிடும், மீதிப் பாதியைச் சொல்லிவிடலாம். படம் தேறாமல் வாயைத் திறப்பதில்லை. தைக்குள் ஒரு நல்ல லென்ஸ் கிடைத்தாக வேண்டும், அவ்வளவுதான்.

படம் எடுக்கிற முறையும் அவருடையதுதான். பழைய ஃபிலிம் மந்தமானது, லென்ஸின் துளையும் சின்னது. அதனால் மூடியைக் கழற்றி முழுசாகப் பன்னிரண்டு வினாடி திறந்து வைக்க வேண்டும். அவர் மூடியில் கையை வைத்து, "மூச்ச நல்லா இழுங்க… அப்படியே புடிங்க" என்பார். நெஞ்சு வலி என்றா வந்தேன் என்று முதல் தடவை ஜெயா கேட்டாள். மூடியைக் கழற்றியதும் அவர் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார். ஆஸ்பத்திரியில் ஈயத் தடுப்புக்குப் பின்னால் போய் சுவரைப் பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்தியே முப்பத்து நாலு வருஷம் போயிருந்தது. இங்கே கதிரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் படம் பதிகிற நேரத்தில் எதிரே நிற்க அவர் உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை. கொடைக்கானல் குளிருக்குக் காதைச் சுற்றி மப்ளர் வேறு. எதிரே தெரிகிற மலையைப் பார்த்துக்கொண்டு சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பன்னிரண்டில் திரும்பி மூடியைப் போடுவார்.

அன்றைக்குப் பாத்ரூமில் சிவப்பு பல்பைப் போட்டு, தட்டில் மருந்தூற்றி, ஃபிலிமைக் கழுவி எடுத்தார். நாலு மூலையும் விழாமல், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி நடுவில் மட்டும் வட்டமாகப் படம். முகமும் தெளிவில்லை. பித்தளை லென்ஸில் பூஞ்சை பிடித்திருந்தது, அதன் மேல் பழியைப் போட்டுத் தூக்கி வைத்தார்.

இரண்டாவது, பெங்களூரில் பழைய சாமான் விற்கிறவரிடம் வாங்கியது. ஒரு காலத்தில் விமானத்திலிருந்து தரையைப் படம் பிடித்த லென்ஸ். ஆறு கிலோ. அதை மாட்டியதும் முன் பலகை தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. மயில்சாமி வந்து முட்டுக்கொடுத்தார். துளையைச் சின்னதாக்க வழியில்லாததால் பொன்னுவேல் அட்டையில் ஓட்டை வெட்டி உள்ளே சொருகினார். வட்டம் ஏறக்குறைய மூலையைத் தொட்டது. ஆனால் முகம்? இந்தத் தடவையும் முகம் கலங்கித்தான் இருந்தது. ஆறு கிலோ ஆடியிருக்கும் என்று முடிவு கட்டினார்.

மார்கழி பிறந்தது. சுற்றுலாக்காரர்கள் இ-பாஸ் எடுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்து ஏரியைச் சுற்றினார்கள். ஜெயா கடையில் புதுத் துணி வாங்குவதை நிறுத்திவிட்டாள். பொன்னுவேல் பழனிக்குப் பஸ் ஏறினார்.

பழனியில் ராமர் என்று அவருக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். பஞ்சாமிர்த டப்பாவுக்கு லேபிள் அடிக்கிற அச்சகம் வைத்திருந்தார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் படத்தைத் தகட்டுக்கு மாற்ற அங்கே ஒரு ரூம் அகலத்துக்குக் கேமரா இருந்தது. கேமராவைக் காயலான் கடையில் போட்டாயிற்று. லென்ஸை மட்டும் ராமர் கழற்றி, பீரோவில் வேட்டிக்கு நடுவில் வைத்திருந்தார்.

"பத்தொம்பது இஞ்சு லென்ஸு. முருகன் படத்துல வேலு நுனிய மசுரு மாதிரி எடுக்கும்லே" என்று பெருமையாகத் துடைத்துக் கொடுத்தார். "எதுக்கு?"

"மலைய எடுக்க."

"மலைக்கு இது ஆவாது. கிட்டக்க வச்சாத்தான் இதுக்கு வட்டம் பெருசா விழும். தூரத்துல இருக்குறத எடுத்தீன்னா வட்டம் சுருங்கிப் போயி மூலையெல்லாம் கறுத்துரும். எம்புட்டு தூரத்துல வச்சுப் பாத்த?"

"எட்டடி."

ராமர் கையில் லென்ஸோடு அப்படியே நின்றார். "ஏலே பொன்னு. எட்டடியில எந்த மலைலே உக்காந்திருக்கு?"

பொன்னுவேலுக்குக் காதுவரை சூடு ஏறியது. ராமர் லென்ஸைத் துண்டில் சுற்றிப் பொன்னுவேலின் மடியில் வைத்து, "ஆளு சம்மதமாலே?" என்று மட்டும் கேட்டார். இன்னும் சொல்லவில்லை என்று பொன்னுவேல் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாவது ஞாயிறு அந்த லென்ஸ். பொன்னுவேல் கறுப்புத் துணிக்குள் போய்ப் பார்த்தார். நாலு மூலைக்கும் வட்டம் தாராளமாக விழுந்தது. ஜெயாவின் காதோரத்து நரைமுடி தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணோரச் சுருக்கம், மூக்குத்தி போட்டு விட்ட துளை, எல்லாம். அத்தனை அருகில் அவளை அவர் பார்த்ததே இல்லை. இனி இப்படிப் பார்க்கவும் கிடைக்காது என்று தோன்றிக் கண் கலங்கிவிட்டது. துணிக்குள்ளேயே துடைத்துக்கொண்டு வெளியே வந்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, மூடியைக் கழற்றித் திரும்பி நின்று எண்ணினார். தூறல் தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. எண்ணி முடித்துத் திரும்பியபோது ஜெயா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க?" என்றார்.

"ஒன்னுமில்ல சார்." எழுந்து போய்விட்டாள். டீ வைத்திருந்தார், குடிக்கவில்லை.

அன்று ஃபிலிமைக் கழுவி, ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்த விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். உதடு கலங்கியிருந்தது. முகத்தில் அவர் முதலில் பார்த்தது உதட்டைத்தான். வேறு எங்கே பார்ப்பார்? உதடு கலங்கியிருக்கிறது, ஆகவே லென்ஸ் சரியில்லை. தட்டையான காகிதத்தை எடுக்கிற லென்ஸுக்கு முகம் எடுக்க வராது போலிருக்கிறது என்று தனக்குத்தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார். காதை, முடியை, ஸ்வெட்டரை ஒரு பார்வை பார்த்திருந்தால் கதையே வேறு. அவர் பார்க்கவில்லை.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, நாலாவது முயற்சி. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். பழனிக் கண்ணாடிக் கடையில் பிளஸ் இரண்டு பவரில் வெட்டாத மூக்குக்கண்ணாடி லென்ஸ் ஒன்று வாங்கி, பைப் துண்டுக்குள் ஒட்டி மாட்டினார். கூர்மை வராவிட்டால் தொலைகிறது, ஒரே சீராக மங்கலாகவாவது வரட்டும். அதுவும் முகத்துக்கு ஒரு அழகுதானே என்று அவருக்கு ஒரு யோசனை.

"மூக்குக் கண்ணாடியா சார்?" என்று ஜெயா சிரிக்கப் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு சரியாக வரவில்லை. "இதுதான் கடைசியா?"

"நல்லா வந்துருச்சுன்னா இதுதாங்க கடைசி."

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பொன்னுவேல் திரும்பி நின்று பன்னிரண்டு எண்ணினார். படம் எல்லா இடத்திலும் மங்கலாக, உதட்டில் இன்னும் மங்கலாக வந்தது.

தை மூன்றாம் தேதி ஒரு வேனில் அவள் சாமான் ஏறியது. பொன்னுவேல் போய் மெஷினைத் தூக்கிவிட்டார். அவர் கையில் கொடுக்கப் படம் எதுவும் இல்லை, ஆகவே வாயில் சொல்லவும் ஒன்றும் இல்லை. "லென்ஸு கெடைக்குமுங்க, கெடைச்சதும் ஒரு தடவ வாங்க" என்றார். ஜெயா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வர்றேன் சார்" என்று சொல்லி முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். வேன் பெருமாள்மலை வளைவு தாண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு, பிறகு பழனி தாண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு, சாயங்காலம் வரை அவர் அந்தக் காலிக் கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். யார் பார்த்தார்கள், யார் சிரித்தார்கள் என்றெல்லாம் அவர் கவலைப்படவில்லை.

நாலாம் நாள் காலையில் ராமர் வந்தார். மலையில் ஒரு கல்யாணம், அப்படியே சிநேகிதனின் மலை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஆசை. மலை திருப்பூர் போய்விட்டது என்று தெரிந்ததும் திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், பொன்னுவேலின் மூஞ்சியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"எல்லாம் லென்ஸுனால வந்த வினைப்பா. ஒன்னும் தேறல. உன்னதும்தான்."

ராமருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவர் லென்ஸைச் சொல்லக் கூடாது. "எங்க, எடு" என்றார். மூன்றாவது ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, அச்சில் புள்ளி பார்க்கிற சின்னப் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணில் வைத்துக் குனிந்தார்.

"காதுத் தோட்டப் பாருலே. கல்ல எண்ணிச் சொல்லவா? ஆறு. ஸ்வெட்டர்ல ஒவ்வொரு பின்னலும் தெரியுது. கண்ணு எமை எமையா நிக்குது. இந்த லென்ஸையாலே தேறலங்குற?"

"ஒதடு கலங்கியிருக்கே."

"ஒதடுதான் கலங்கியிருக்கு. ஒதடும் தாடையும் மட்டுந்தான் கலங்கியிருக்கு." ராமர் நிமிர்ந்தார். "லென்ஸு ஒரு மொகத்துல ஒதட்ட மட்டும் பாத்துக் கலக்குமாலே? ஆளு பேசியிருக்கு."

"பேசக் கூடாதுன்னு சொல்லித்தான உக்கார வைப்பேன்?"

"சொன்ன சரி. பேசலன்னு நீ பாத்தியா?"

பொன்னுவேல் பூதக்கண்ணாடியைப் பிடுங்கி மூன்றாவதைப் பார்த்தார். இரண்டாவதை மாட்டிப் பார்த்தார். ஆறு கிலோ ஆடியிருந்தால் நாற்காலியும் சேர்ந்தல்லவா ஆடியிருக்க வேண்டும்? நாற்காலிப் பின்னல் கல்லில் செதுக்கின மாதிரி நின்றது. முதல் படத்திலும் பூஞ்சை உதட்டில் மட்டும் பிடித்திருந்தது. ஒரு நோயாளி நடுவில் அரை மூச்சு விட்டிருந்தால்கூட, ஈர ஃபிலிமைத் தூக்கிப் பிடித்த மாத்திரத்தில் விலா எலும்பைப் பார்த்துச் சொல்லி, திரும்பப் படுக்க வைக்கிறவர் அவர். அப்பேர்ப்பட்டவர் கண்ணெதிரே நாலு தடவை ஒருத்தி பேசியிருக்கிறாள். கண்ணெதிரே எங்கே? முதுகுக்குப் பின்னால்.

"போனப் போடுலே" என்று சொல்லிவிட்டு ராமர் செருப்பை மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

பதினோரு மணி இருக்கும். பொன்னுவேல் வராந்தாவில் நின்றபடி கூப்பிட்டார். மூன்றாவது ரிங்கில் ஜெயா எடுத்தாள். பின்னால் மெஷின்கள் ஓடுகிற இரைச்சல்.

"சொல்லுங்க சார். லென்ஸு கெடைச்சிருச்சா?"

"படம் எடுக்குறப்ப நீங்க என்னமோ பேசியிருக்கீங்க" என்றார். நல்லா இருக்கீங்களா என்றுகூடக் கேட்கவில்லை.

இரைச்சல் மெல்லக் குறைந்தது. அவள் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும். ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"இப்பக் கேக்குறீங்களே சார்."

"எனக்குக் கேக்கலைங்க. சத்தியமாக் கேக்கல. நான் பாட்டுக்குக் கத்தி எண்ணிக்கிட்டு, காத வேற மூடிக்கிட்டு…"

"கேக்கலையா? நாலு தடவையுமா?"

"நாலு தடவையும் கேக்கலைங்க."

"அடக் கடவுளே" என்று அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "நான் என்ன நெனைச்சேன் தெரியுமா? கேட்டுக்கிட்டேதான் எண்ணுறாரு, மனுசருக்கு இஷ்டமில்ல, அத வாய் விட்டுச் சொல்ல மனசில்லாம எண்ணுறாருன்னு நெனைச்சேன். மொகத்தப் பாத்துக் கதைக்க எனக்குத் தைரியமில்ல சார். யூனிட் விசயத்த உங்க காதுல விழுற மாதிரித்தான் மொத நாளு சொன்னேன். நல்ல விசயம்னுட்டீங்க. அதுக்கு மேல பொம்பள நான் எப்படிக் கேக்க? நீங்க முதுகக் காட்டி நிக்கிற அந்த நேரந்தான் எனக்குக் கெடைச்சுது."

"என்ன கேட்டீங்க?"

"நாலு தடவையும் ஒன்னத்தான் கேட்டேன். போகாதன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் இருந்துர்றேன்னேன்."

பொன்னுவேல் தூணைப் பிடித்துக்கொண்டார். இத்தனை மாதமாக வராத அந்த வார்த்தை, படமும் வேண்டாம் லென்ஸும் வேண்டாம் என்று தானாக நாக்கு நுனியில் வந்து நின்றது.

"ஜெயா" என்றார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சொல்லிராதீங்க" என்று அவள் வெரசாகக் குறுக்கிட்டாள். "இப்பச் சொல்லிராதீங்க சார். உள்ள எட்டுப் பொம்பளைங்க என்ன நம்பி மெஷின்ல உக்காந்திருக்காங்க. தமிழ்மதி நல்ல வேலைய விட்டுட்டு இதுல எறங்கியிருக்கா, நான் இல்லன்னா அவளால ஒரு வாரம் ஓட்ட முடியாது. நீங்க அந்த வார்த்தையச் சொல்லிட்டீங்கன்னா என்னால இங்க இருக்க முடியாது."

பொன்னுவேல் திறந்த வாயோடு நின்றார். அவர் சொன்னால் அவள் வந்துவிடுவாள். சாயங்கால பஸ்ஸுக்கே வந்துவிடுவாள், அது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவர் உடம்பெல்லாம் தவித்தது. அந்தப் பக்கம் ஜெயா மூச்சு விடுவது கேட்டது. காத்திருக்கிறாளா, பயந்துகொண்டிருக்கிறாளா, இரண்டுமா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில், "அங்க வெக்கையா இருக்குமேங்க" என்றார். "ஃபேன் இருக்கா?"

"இருக்கு சார்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஃபேனுக்கு அடியில நான் என்னிக்குப் படுத்திருக்கேன்? அந்தச் சத்தத்துல தூக்கமே வரல."

"நாளாக நாளாகப் பழகிருமுங்க."

"பழகிறக் கூடாதுன்னுதான் இருக்கு" என்றாள் ஜெயா.